கருவுற்றாள் அச்சமும் கணவன் கலக்கமும்

கருவுற்ற தொடக்கத் திங்களில் மகிழ்ச்சியோடு அச்சமும் உடன்றோன்றுதல் குற்றமாமோ? மகப்பேறு இறைவனருளாதலின், அஞ்சுதல் அருளை ஐயுறுதலாம் என்பாருளர். அது பொருந்தாது. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில், கருவிலுற்ற உயிர் திங்கள்தோறும் தப்பிப் பிழைத்த இடர்களை முதற்றிங்கள் தொட்டு எண்ணிக் காட்டுகின்றார். இடரை எண்ணுதலும் இறைவனைப் போற்றுதலும் ஆண்டு ஓரகவலுள்ளே உடனிற்கின்றன. அங்ஙனமாக, வயாவினால் உணவுங் கொள்ளமாட்டாத இளம்பெண் கலங்கின் அவளைப் பழித்தல் யாங்ஙனம்? கருச்சிதைவிற் பெரும்பாலன முதன் மூன்று திங்களுள் நிகழ்வன என மருத்துவரும் உரைப்பர். கணவன் கலக்கமோ கேட்பாரற்றது. அவனை வாழ்த்துவோரே பலர்.

இவ்விருவர்க்கும் வேண்டுவது அறிவுரையன்று. காவிரி வெள்ளத்தால் தாய் வரத் தாழ்த்தபோது, சிராப்பள்ளி இறைவன் தாயுருவில் வந்த தலவரலாறு பேற்றுக்காலத்ததேயாயினும் ஈண்டு நினைக்கற்பாலது. வந்தவன் ‘அஞ்சற்க’ என்று உபதேசித்து மீண்டானல்லன். வெள்ளம் வடிந்து ஈன்றதாய் வருமளவும் உடனிருந்தான்.