கல்லாவில் நிற்பவருக்கு எவ்வளவு பாவம்?

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் லியோனார்டோ என்றொரு சிற்றூர். அங்கே 'குவிக் ஸ்டாப்' என்ற கடையில் பால், ரொட்டி, செய்தித்தாள், காபி, சிகரெட் எல்லாம் கிடைக்கும். கெவின் ஸ்மித் என்ற இளைஞர் அந்தக் கடையின் கல்லாவில் சம்பளத்துக்கு நின்றவர். பகலில் வியாபாரம், இரவில் கடை பூட்டிய பிறகு அதே இடத்தில் நண்பர்களை நடிக்க வைத்துக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். சேர்த்து வைத்திருந்த காமிக்ஸ் புத்தகங்களை விற்றும், கிரெடிட் கார்டுகளில் கடன் வாங்கியும் அவர் போட்ட முதல் சுமார் 27,575 டாலர். அந்தப் படம்தான் 1994-ல் வெளியான 'கிளர்க்ஸ்'.

கதை நடப்பது பகலில், படம் பிடித்ததோ இரவில். ஜன்னலுக்கு வெளியே இருட்டு தெரியக் கூடாது. ஷட்டர் பூட்டுக்குள் யாரோ சூயிங்கம்மைத் திணித்துவிட்டார்கள், அதனால் ஷட்டரைத் தூக்க முடியவில்லை என்று கதைக்குள்ளேயே ஒரு காரணத்தை வைத்தார் ஸ்மித். கடை ஊழியன் டான்டே ஒரு துணியில் ஷூ பாலிஷால் 'கடை திறந்துதான் இருக்கிறது' என்று எழுதித் தொங்கவிடுகிறான். அன்று அவனுக்கு விடுமுறை. வேறொருவர் வராததால் முதலாளி கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். நான் இன்றைக்கு இங்கே இருக்க வேண்டியவனே இல்லை என்று நாள் முழுக்கப் புலம்புகிறான். வேலையில் சேர்ந்தும் வேலைக்குள் உட்காராத மனம் அது. பக்கத்து வீடியோ கடையில் வேலை பார்க்கும் ராண்டல் அவனுடைய நண்பன். தன் கடையை அப்படியே விட்டுவிட்டு இங்கே வந்து, பார்த்த படங்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவன்.

அப்படி ஒரு பேச்சில்தான் படத்தின் மிகக் கனமான கேள்வி எழுகிறது.

'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 'டெத் ஸ்டார்' என்ற ராட்சத ஆயுதக் கோளம் இரண்டு முறை தகர்க்கப்படுகிறது. 1977-ல் வந்த முதல் படத்தில் ஒன்று; 1983-ல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை'யில் இன்னொன்று. முதல் கோளத்தில் இருந்தவர்கள் பேரரசின் படைவீரர்களும் அதிகாரிகளும்தான், அவர்கள் செத்ததில் ராண்டலுக்கு வருத்தம் இல்லை. இரண்டாவது கோளமோ கட்டி முடிக்கப்படாத நிலையில் வெடிக்கிறது. அவ்வளவு பெரிய கட்டுமானத்தில் குழாய் வேலைக்காரர்கள், கூரை வேலைக்காரர்கள், காண்ட்ராக்டில் வந்த கூலிகள் இருந்திருப்பார்களே, அரசியலுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம், அவர்களை ஏன் கொல்ல வேண்டும் என்று கேட்கிறான்.

வரிசையில் நிற்கும் ஒரு வாடிக்கையாளர் குறுக்கிடுகிறார். அவரே கூரை வேலை செய்கிறவர். ஒருமுறை நல்ல கூலியுடன் ஒரு வீட்டு வேலை வந்ததாம். வீட்டுக்காரன் பெரிய ரவுடி என்று தெரிந்ததும் விட்டுவிட்டாராம். அந்த வாரமே எதிர்க் கும்பல் அந்த வீட்டைத் தாக்க, கூரை மேல் இருந்தவர் வேலையை முடிக்காமலே சுடப்பட்டு இறந்தார். வேலையை ஏற்கும்போது பணப்பையைக் கேட்காமல் மனசைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறார். ராண்டலிடம் பதில் இல்லை.

ஆனால் அவர் சொன்ன கதையில் ஒரு வரி காதில் விழாமல் போய்விடக்கூடியது. செத்தவர் அவருடைய நண்பர். அந்த வேலையை நண்பரிடம் தள்ளிவிட்டவரும் அவர்தான். இவருடைய கை சுத்தமாயிற்று. ஆபத்து கைமாறியது, அவ்வளவுதான்.

சம்பளத்துக்கு நிற்பவருக்கு, அவர் விற்கும் பொருளின் பாவத்தில் எவ்வளவு பங்கு? இந்தக் கணக்கைப் பல மரபுகள் போட்டுப் பார்த்திருக்கின்றன. பௌத்தத்தில் அங்குத்தர நிகாயத்தின் ஒரு சிறு சூத்திரம் இல்லறத்தார் செய்யக் கூடாத ஐந்து வியாபாரங்களைச் சொல்கிறது: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. அதில் வரும் பாலிச் சொல் 'வணிஜ்ஜா', நம் வாணிபத்துக்கு உறவுச் சொல். நபிமொழித் தொகுப்புகளில் ஒன்று, மதுவின் பொருட்டுச் சாபத்துக்கு உள்ளாகும் பத்துப் பேரை வரிசைப்படுத்துகிறது. பிழிபவர், பிழியச் சொன்னவர், குடிப்பவர், சுமப்பவர், சுமந்து பெறுபவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், விற்ற பணத்தை உண்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்பட்டதோ அவர். ஒரு குப்பியைத் தொட்ட கைகள் அத்தனையையும் எண்ணிவிடும் பட்டியல் இது. சுமைகூலிக்குக்கூட விலக்கு இல்லை.

கத்தோலிக்க அறவியல் இதே இடத்தில் ஓர் ஏணியை வைத்து வாதாடியது. எஜமான் ஒரு பெண்ணைக் கெடுக்க ஜன்னல் வழியே ஏறுகிறான். வேலைக்காரன் தோள் கொடுக்கிறான், ஏணி தூக்கி வருகிறான். மறுத்தால் அடி விழும் என்ற பயத்தில் செய்தால் அது பெரும் பாவம் ஆகாது என்ற கருத்தை 1679-ல் போப் பதினோராம் இன்னசென்ட் கண்டித்துத் தள்ளினார். அடுத்த நூற்றாண்டில் இறையியலாளர் அல்ஃபோன்ஸ் லிகோரி இதையே எடுத்து நுணுக்கமாகப் பிரித்தார்: எஜமானின் தீய எண்ணத்துக்கே உடன்படுவது வேறு, எண்ணத்தில் சேராமல் கைவேலை மட்டும் செய்வது வேறு. முன்னது எப்போதும் குற்றம். பின்னதில் காரணத்தின் கனத்தைப் பார்க்க வேண்டும். இந்தப் பிரிவினை வெறும் சால்ஜாப்பு என்று தோன்றலாம். அப்படியல்ல. வயிற்றுக்காக நிற்பவரையும் லாபத்துக்காக நிறுத்துபவரையும் ஒரே தட்டில் வைக்க மறுக்கிறது அது. அந்த மறுப்பு நியாயமானது.

வள்ளுவர் கேள்வியையே திருப்பிப் போட்டார். புலால் மறுத்தல் அதிகாரத்தில், தின்பதற்காக உலகம் வாங்காவிட்டால் விலைக்காக ஊன் விற்பவரும் இருக்க மாட்டார் என்கிறார். கடைக்காரரை நோக்கி நீண்டிருந்த விரல் சட்டென்று வாங்குபவர் பக்கம் திரும்பிவிடுகிறது.

'கிளர்க்ஸ்' படத்தில் அந்த விரல் திரும்பாமலே போகும் ஒரு காட்சி உண்டு. கடைக்குள் வந்த ஒருவர், சிகரெட் வாங்க வருபவர்களிடம் கறுத்த நுரையீரலைக் காட்டிப் பிரசங்கம் செய்கிறார். கூட்டம் கூடுகிறது. டான்டேயைக் குற்றவாளியாக்குகிறார். சொன்ன வேலையைத்தான் செய்கிறேன் என்று இவன் சொல்லும் முன்பே, நாஜிகளும் அதைத்தான் சொன்னார்கள் என்று முந்திக்கொள்கிறார். இத்தனை நாள் வாங்கிப் புகைத்தவர்களே டான்டேயின் மேல் சிகரெட்டுகளை வீசுகிறார்கள். கடைசியில் அவர் ஒரு சூயிங்கம் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி என்று தெரிகிறது. அவருடைய உள்நோக்கம் பொய் என்பதால் புற்றுநோய் பொய்யாகிவிடாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடத் தன் கையைப் பார்த்துக்கொள்ளவில்லை.

நிஜக் கல்லாக்களிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. 2007-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் பகுதியில் டார்கெட் கடைகளில் வேலை பார்த்த முஸ்லிம் காசாளர்கள் சிலர் பன்றி இறைச்சியை ஸ்கேன் செய்யத் தயங்கினார்கள். நிர்வாகம் அவர்களை வேறு பிரிவுக்கு மாற்றியது. 2013 டிசம்பரில் பிரிட்டனின் மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் கடையில் ஷாம்பெயின் வாங்க வந்தவரை, அடுத்த கல்லா காலியாகும்வரை பொறுக்கும்படி முஸ்லிம் ஊழியர் ஒருவர் கேட்டுக்கொண்டார். அது நாடு தழுவிய சர்ச்சையாகி, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இவர்களைக் கேலி செய்தவர்கள் ஏராளம். அந்தக் கேலி தவறு. மாதச் சம்பளத்தைப் பணயம் வைத்து ஒருவர் மனசாட்சியைக் கேட்பது சாதாரண விஷயம் அல்ல. ஆனாலும் கூரை வேலைக்காரரின் சிக்கல் இங்கேயும் இருக்கிறது. புட்டி அடுத்த கல்லாவில் விற்றுத்தான் போகும். அங்கே நிற்பவருக்கும் கை உண்டு.

கடையின் தட்டில் எதை வைப்பது என்பது மேலே இருப்பவர்களின் முடிவு. அமெரிக்காவின் சிவிஎஸ் மருந்துக்கடை நிறுவனம் 2014 செப்டம்பரில் தன் 7,600-க்கும் மேற்பட்ட கடைகளில் புகையிலை விற்பனையை நிறுத்தியது. ஆண்டுக்குச் சுமார் 200 கோடி டாலர் வருவாயை விட்டுக்கொடுக்கிறோம் என்று அறிவித்தே செய்தது. அதற்கு முன் அங்கே நின்ற காசாளர் எத்தனை முறை மனம் நொந்திருந்தாலும் அந்தத் தட்டிலிருந்து ஒரு பாக்கெட்டைக்கூட எடுத்திருக்க முடியாது. தமிழ்நாட்டில் 2003-ல் அரசே டாஸ்மாக் மூலம் மதுவைச் சில்லறையில் விற்க வந்தபோது, தொகுப்பூதியத்துக்கு வேலையில் சேர்ந்த மேற்பார்வையாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் இதே நிலைதான். வேலை தேடிப் போனவர்களுக்குக் கிடைத்த வேலை அது. மதுவின் கேட்டை அவர்கள் நெற்றியில் ஒட்டுவது, ஏணி தூக்கியவனை மட்டும் தண்டித்துவிட்டு எஜமானை விட்டுவிடுவதாகும்.

சரி, கல்லாவில் நிற்பவரிடம் எதுவுமே இல்லையா? இருக்கிறது. அதை மகாபாரதத்தின் வனபர்வம் ஒரு கசாப்புக் கடையில் வைத்துக் காட்டுகிறது.

கௌசிகன் என்ற அந்தணத் தவசி தன் மேல் எச்சமிட்ட கொக்கைப் பார்வையாலேயே சாகடித்துவிட்டு, பிச்சைக்குப் போன வீட்டில் ஒரு பெண்ணிடம் பாடம் கேட்டுக்கொள்கிறான். நம் ஊரில் இதுவே 'கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா' என்று வள்ளுவரின் மனைவி வாசுகி அம்மையார் கதையாக வழங்குகிறது. மூலக்கதை அதோடு நிற்பதில்லை. மேலும் அறம் கற்க வேண்டுமானால் மிதிலைக்குப் போய்த் தர்மவியாதரைப் பார் என்று அந்தப் பெண் அனுப்பிவைக்கிறாள். அவன் போய்ப் பார்த்தால் அவர் இறைச்சிக் கடையில் உட்கார்ந்து மான் கறியும் எருமைக் கறியும் விற்றுக்கொண்டிருக்கிறார். வாங்குவோர் நெரிசல். கௌசிகன் ஒதுங்கி நிற்கிறான்.

தர்மவியாதர் தன் தொழிலை உயர்த்திப் பேசவில்லை. கொடிய தொழில்தான் என்று ஒப்புக்கொள்கிறார். குலத்தொழிலாக வந்தது, தானே கொல்வதில்லை, தான் தின்பதும் இல்லை என்று சொல்கிறார். இந்தச் சமாதானம் இன்றைய வாசகருக்குப் போதாது. பிறப்பை வைத்துத் தொழிலைக் கட்டிப்போடும் பகுதியை நாம் ஏற்கவும் கூடாது. ஆனால் அவர் பேசத் தொடங்கும் முன்பே செய்த ஒரு காரியம் இருக்கிறது. அத்தனை நெரிசலில், கறி வாங்க வராமல் தூரத்தில் தயங்கி நின்ற ஒருவனைக் கவனிக்கிறார். எழுந்து அவனிடம் போகிறார். வந்த காரணம் தெரியும், இந்த இடம் உங்களுக்குப் பொருந்தாது, வீட்டுக்குப் போகலாம் என்று அழைக்கிறார். புத்தரின் பட்டியலில் விலக்கப்பட்ட வியாபாரம்தான் அது. ஆனால் அதைச் செய்பவர் தன் முன்னால் நிற்பது யார் என்று பார்க்கிறார்.

லியோனார்டோ கடையில் அந்தப் பார்வை தவறிப்போன கணம் ஒன்று வருகிறது. கல்லாவில் நின்ற ராண்டல் பேச்சு மும்முரத்தில் ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டுகிறான். நீண்ட சிறு கையில் காசு இருந்தது, அது போதுமானதாக இருந்தது. பிறகு அதிகாரி வந்து, நாலு வயதுக் குழந்தைக்குச் சிகரெட் விற்றதற்காக 500 டாலர் அபராதம் எழுதுகிறார். சீட்டு டான்டேயின் பெயரில் போகிறது. அவன் யார் விற்றது, எப்போது என்று குழம்பி நிற்கிறான். டெத் ஸ்டாரில் செத்த கூலிகளுக்காக அவ்வளவு இரங்கிய ராண்டல், பாக்கெட்டை நீட்டிய அந்த நேரத்தில் குனிந்து பார்த்திருக்கவே இல்லை.