முதலில் திரும்பியது யார்

மொழிபெயர்ப்பியல் வகுப்பில் ஸ்டார்லிங் பறவைகளைப் பற்றிய ஆங்கிலப் பத்தி ஒன்றைக் கொடுத்திருந்தேன். 'மர்மரேஷன்' என்ற சொல் வந்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அந்தி வேளையில் ஆயிரக்கணக்கான ஸ்டார்லிங்குகள் ஒரே உடலைப் போல வானில் சுருண்டு விரியும் காட்சிக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். ஒருத்தி 'வான்கூத்து' என்று எழுதியிருந்தாள், இன்னொருத்தி 'புள்ளலை' என்று. இரண்டும் அழகுதான். கடைசி வரிசையில் இருந்தவள் 'முணுமுணுப்பு' என்று எழுதிவிட்டு, "தப்புன்னு தெரியும் மேடம், அகராதில அதுதான் இருக்கு" என்றாள். அவள் எழுதியதே சரி.

அந்தச் சொல் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லவில்லை. ஆயிரம் சிறகுகள் தலைக்கு மேல் திரும்பும்போது எழும் ஓசையையும், அடையும் மரத்தில் அவை ஓயாமல் பேசிக்கொள்வதையும் சொல்கிறது. மைனாவின் உறவான இந்தப் பறவைக் குடும்பத்தில் ஒன்று குளிர்காலத்தில் நம் ஊர்களுக்கும் கூட்டமாக வருகிறது. நாம் அதற்கு வைத்த பெயர் சூறைக்குருவி. விளைந்த கதிரைக் காவல் காத்தவர் வைத்த பெயராக இருக்க வேண்டும்!

'மர்மரேஷன்' லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதற்கு அடங்கிய குரலில் குறை சொல்வது என்றும் பொருள். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் மோசேக்கு எதிராகச் செய்ததைத் தமிழ் பைபிள் முறுமுறுத்தல் என்கிறது, அதே பொருள்தான். புனித பெனடிக்டின் துறவற விதிகள் மிகக் கடுமையாகக் கண்டிக்கும் குற்றங்களில் அது ஒன்று. 1486இல் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸில் வேட்டை பற்றி ஒரு புத்தகம் அச்சானது. கூட்டங்களுக்கான பெயர்ப் பட்டியல் ஒன்று அதில் உண்டு. ஸ்டார்லிங்குகளுக்கு இந்தச் சொல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதே பட்டியலில் மனைவியர் கூட்டத்துக்குப் 'பொறுமையின்மை' என்று பெயர். கன்னியாஸ்திரீகளுக்குத் 'தேவைக்கு மிஞ்சியது'. பெண்கள் கூட்டத்துக்கு வாத்துக் கூட்டத்தின் கத்தலைக் குறிக்கும் அதே சொல்.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற பெண் என்பது மரபு. அருகிலிருந்த சோப்வெல் கன்னிமடத்தின் தலைவி என்பார்கள். அதற்கு ஆவணம் இல்லை. மரபு உண்மையானால், முணுமுணுப்பைத் தடைசெய்த பெனடிக்டின் மடத்திலிருந்து ஒரு பெண் அந்தச் சொல்லைப் பறவைகளுக்கு எழுதிவைத்திருக்கிறாள். கன்னியாஸ்திரீகளைத் தேவைக்கு மிஞ்சியவர்கள் என்று எழுதியபோது அவள் சிரித்தாளா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. தமிழில் பூவை என்றால் மைனா, பூவை என்றால் பெண். சொன்னதைச் சொல்லும் பறவைதானே என்ற நினைப்பு அதற்குள் இல்லை என்று எந்த உரையாசிரியர் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

இத்தனை பறவைகள் மோதாமல் எப்படித் திரும்புகின்றன? 1931இல் எட்மண்ட் செலூஸ் என்ற பறவையியலாளர், ஒன்றின் எண்ணம் மற்றொன்றுக்கு நேராகத் தாவுகிறதோ என்று ஒரு புத்தகமே எழுதினார். ரோம் நகரில் ஒரு அருங்காட்சியகத்தின் மாடியில் கேமராக்களை நிறுத்தி, இரேனே ஜியார்தினா உள்ளிட்ட இயற்பியலாளர்கள் கூட்டத்தின் ஒவ்வொரு பறவையும் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். 2008இல் முடிவு வெளியானது. ஒரு பறவை முழுக் கூட்டத்தையும் பார்ப்பதில்லை. தூரம் எவ்வளவானாலும், தனக்கு அருகில் உள்ள ஆறு ஏழு பறவைகளின் அசைவைத்தான் கவனிக்கிறது. தலைமை இல்லை, கட்டளை இல்லை.

பெண்கள் கூட்டங்களில் இதை நான் எத்தனையோ முறை மகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறேன். விடுதியிலும் ஆசிரியைகளின் ஓய்வறையிலும் நாம் பேசுவதும் இப்படித்தானே? "அவர் அறைக்குத் தனியா போகாதே" என்ற வாக்கியத்தை யாரும் மேடையேறிச் சொல்வதில்லை. ஒருத்தி பக்கத்தில் இருக்கும் ஆறு பேருக்குச் சொல்கிறாள், அவர்கள் ஒவ்வொருவரும் இன்னும் ஆறு பேருக்கு. வம்பு என்று பெயர் வைக்கப்பட்ட இந்தப் பேச்சு எத்தனையோ பெண்களைக் காப்பாற்றியிருக்கிறது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அதே ஆய்வாளர்கள் பிறகு வேறொன்றையும் கண்டார்கள். கூட்டம் மொத்தமாக ஒரே கணத்தில் திரும்புவதில்லை. அருகருகே இருக்கும் சில பறவைகள் முதலில் திரும்புகின்றன. அவை பெரும்பாலும் நடுவில் இருப்பவை அல்ல, விளிம்பில் இருப்பவை. அங்கிருந்து திருப்பம் நொடிப்பொழுதில் மறுமுனை வரை பரவுகிறது. பைரிக்கு எளிதில் அகப்படுவதும் விளிம்பில் தனித்துப்போன பறவைதான்.

முன்பு நான் வேலைபார்த்த ஒரு கல்லூரியில் ஆய்வு மாணவி ஒருத்தி தன் நெறியாளர் மீது எழுத்தில் புகார் கொடுத்தாள். அதற்கு முன் இரண்டு ஆண்டுகளாக நாங்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்த விஷயம் அது. விசாரணைக் குழு என்னையும் அழைத்தது. "கேள்விப்பட்டிருக்கிறேன்" என்றேன். "யார் சொன்னது?" என்று கேட்டார்கள். "நினைவில்லை" என்றேன். என்னை நம்பிச் சொன்ன மாணவிகளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் அந்த அறைக்கு வெளியே நானே என் கண்ணால் பார்த்தது ஒன்று இருந்தது. அதைச் சொல்ல யாருடைய பெயரும் தேவைப்பட்டிருக்காது. குழு அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆதாரமில்லை என்று அறிக்கை வந்தது. அவள் ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போனாள்.

கடைசி வரிசைக்காரிக்கு முழு மதிப்பெண் போட்டேன். எப்படிச் சரியாகும் என்று அவள் விடாமல் கேட்டாள். லத்தீன் வேர், கன்னிமடம், ரோம் நகரத்து மாடி எல்லாம் சொன்னேன். விசாரணை அறையைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. இந்தப் புத்தகம் வந்ததும் ஒரு பிரதி அவளுக்கு அனுப்ப வேண்டும்.