வியப்பு என்னும் குற்றம்



இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியில் நிற்பது மிகுபொருள் விரும்பாமை. இவ்விரதத்திற்கு இழுக்காக வந்து சேரும் அதிசாரங்கள் ஐந்தினை ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் எண்ணிக் காட்டுகின்றார். கால்நடைகளை அளவு கடந்து ஓட்டுதல், அளவு கடந்து சேர்த்து வைத்தல், வியப்பு, உலோபம், அளவு கடந்து சுமை ஏற்றுதல் என்பன அவை. முன்னும் பின்னும் நிற்கும் நான்கும் எவர்க்கும் விளங்கும். நடுவில் நிற்கும் வியப்பைத்தான் நாம் வாசித்த வேகத்தில் கடந்து போகின்றோம். பிறர் பெற்ற செல்வத்தைக் கண்டு வியந்து நிற்றல் என்று அதற்குப் பொருள் உரைப்பர். அதில் என்ன குற்றம்? நாம் எவர் பொருளையும் தொடவில்லை. நம் வீட்டில் ஒரு படி நெல்லும் அதனால் கூடவில்லை. வியந்ததற்கா வினை வந்து ஒட்டும் என்று கேட்கத் தோன்றுகின்றது.

இவ்வினாவிற்கு விடை காண, அமெரிக்க நாட்டு நடிகை ஒருவரின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம். அறநெறி இதழில் நடிகை கதையா என்று பெரியோர் முகம் சுளிக்க வேண்டா. மாதவியின் அரங்கேற்றத்தை விரித்துப் பாட இளங்கோவடிகள் நாணினாரில்லை. அரசனிடம் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் பெற்ற அவளுடைய மாலையைக் கூனி ஒருத்தி நகர நம்பியர் திரியும் தெருவில் விலை கூறி நின்றாள். மாலையை வாங்குவோன் மாதவிக்கு மணாளன் ஆவான் என்பது அவ்விற்பனையின் முறை. கோவலன் 1008 கழஞ்சு கொடுத்தது பூவிற்கோ நாருக்கோ அன்று. கலையரங்கில் கண்டு வியந்த ஒன்றின் அருகே செல்வதற்கு அவன் கொடுத்த விலை அது. இம்முறை இன்று உலகளாவிய வணிகமாக வளர்ந்துவிட்டது. நம் நாட்டிலும் காத்ரீனா கைஃப் 2019இலும், தீபிகா படுகோன் 2022இலும், நம் வீட்டுப் பெண்கள் நன்கறிந்த நயன்தாரா 2021இலும் அழகுப் பொருள் வணிகத்தில் இறங்கினர். இவ்வழியில் முன்னே சென்றவர்களுள் ஒருவர் ஜெசிகா ஆல்பா.

அவர் 1981இல் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தவர். இளமையில் ஆஸ்துமாவாலும் நுரையீரல் அழற்சியாலும் மருத்துவமனைக்கும் வீட்டிற்குமாக அலைந்தவர். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய டார்க் ஏஞ்சல் என்னும் தொலைக்காட்சித் தொடர் அவரைப் புகழின் உச்சியில் ஏற்றியது. 2005இல் சின் சிட்டி, ஃபென்டாஸ்டிக் ஃபோர் ஆகிய திரைப்படங்கள் வெளிவந்தன. இவற்றைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் பொருளுக்கு இன்றியமையாதது 2008இல் நிகழ்ந்தது.

அவ்வாண்டில் அவர் முதற் குழந்தையைக் கருவுற்றிருந்தார். பிறக்கப் போகும் மகவுக்கென வந்த சிற்றாடைகளை, குழந்தைகளுக்கென்றே விற்கப்படும் சலவைப் பொருள் ஒன்றைக் கொண்டு துவைத்தார். அவர் மேனியெங்கும் தடிப்புகள் எழுந்தன. என் தோலுக்கே இப்படியெனில் பச்சிளங் குழவிக்கு என்னாகும் என்று அஞ்சி, அப்பொருள்களில் கலப்பது யாது என ஆராயத் தலைப்பட்டார். அமெரிக்காவில் நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. அதற்கு முன்னரே புழக்கத்தில் இருந்த ஏறத்தாழ 62,000 வேதிப் பொருள்களை அச்சட்டம் சோதனையின்றியே தொடர விட்டிருந்தது. இதனை மாற்ற வேண்டும் என்று 2011இல் அவர் வாஷிங்டன் சென்று மக்கள் பிரதிநிதிகளிடம் வாதாடினார். ஓர் உயிருக்கும் ஊறு நேரலாகாது என்னும் எண்ணம் எந்நாட்டில், எச்சமயத்தார் நெஞ்சில் பிறந்தாலும் அது கொல்லாமையின் கிளையே. அதனை நாம் மனமாரப் போற்றுகின்றோம்.

அவ்வெண்ணமே வணிகமாயிற்று. வேறு சிலருடன் சேர்ந்து அவர் நிறுவிய ஹானஸ்ட் கம்பெனி, 2012 ஜனவரியில் டயாபர், துடைப்பான் முதலிய 17 பொருள்களுடன் விற்பனையைத் தொடங்கியது. ஹானஸ்ட் என்றால் நேர்மையான, வாய்மையுள்ள என்று பொருள். சில ஆண்டுகளில் 17 பொருள்கள் நூற்றுக்கும் மேலாயின. குழந்தைக்கெனத் தொடங்கியது தாயின் கூந்தலுக்கும் கன்னத்திற்கும் இதழுக்கும் சென்றது. 2014இல் முதலீட்டாளர்கள் அந்நிறுவனத்திற்கு இட்ட மதிப்பு ஏறக்குறைய 100 கோடி டாலர். 2015இல் 170 கோடி டாலர். அவ்வாண்டு போர்ப்ஸ் இதழ் அவரை அட்டையில் பதித்து, அவருடைய செல்வம் 20 கோடி டாலர் என்று கணக்கிட்டது.

இந்த 20 கோடி டாலர் எங்கே இருந்தது? களஞ்சியத்தில் இல்லை, நிலமாக இல்லை, பெரும்பகுதி பொன்னாகவும் இல்லை. அவர் கையிலிருந்த பங்குகளை, பிறர் அன்று எவ்வளவு மதித்தனரோ அம்மதிப்பைப் பெருக்கிக் கண்ட தொகை அது. பிறருடைய வியப்பை எண்ணாக எழுதினால் வருவது அத்தொகை. அட்டைப்படத்தைப் பார்த்து மேலும் பலர் வியப்பர், வியப்பவர் வாங்குவர், வாங்குவதைக் கண்டு முதலீட்டாளர் மதிப்பை உயர்த்துவர், உயர்ந்த மதிப்பு மீண்டும் அட்டைக்கு வரும். ஆசாரியர் வியப்பை ஏன் பரிக்கிரகத்தின் குற்றங்களோடு சேர்த்து எண்ணினார் என்பது இங்கே விளங்குகின்றது. வியந்து நிற்பவன் வேடிக்கை பார்ப்பவன் அல்லன். பிறருடைய பெருஞ்செல்வத்தைக் கட்டி எழுப்பும் பணியில் அவனும் ஒரு கல் சுமக்கின்றான்.

பரிக்கிரகத்தால் கெட்டவனுக்கு எடுத்துக்காட்டாக அதே நூல் சுட்டும் ஒருவனை நம் பாட்டிமார் நன்கறிவர். மோர் குடிக்கையில் மீசையில் ஒட்டிய வெண்ணெயை வழித்து வழித்துச் சேர்த்தவன் அவன். நெய்க்குடம் நிறைந்தது. பனிக்காலத்து இரவில் கால்மாட்டில் நெருப்பும் அருகே நெய்க்குடமும் இருக்கப் படுத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினான். இந்நெய்யை விற்பேன், வணிகன் ஆவேன், பின்னர்ச் சிற்றரசன், பின்னர்ச் சக்கரவர்த்தி, ஏழடுக்கு மாளிகையில் நான் படுத்திருக்க, தேவி வந்து கால் பிடிப்பாள், உனக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்று செல்லமாக ஓர் உதை விடுவேன் என்று காலை நீட்டினான். குடம் கவிழ்ந்து நெய் நெருப்பில் கொட்டியது. மூண்ட தீயில் மாண்டான். அவனிடம் மெய்யாக இருந்தது ஒரு குடம் நெய் மட்டுமே. ஏனைய அனைத்தும் அவனே இட்ட மதிப்பு.

ஹானஸ்ட் கம்பெனியின் பங்குகள் 2021 மே மாதத்தில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் 16 டாலர் விலையில் பொதுமக்களுக்கு வந்தன. 41 கோடி டாலருக்கு மேல் திரட்டப்பட்டது. முதல் நாள் முடிவில் பங்கின் விலை 23 டாலர். 2023இல் அதே பங்கு 2 டாலருக்கும் கீழே விழுந்தது. இடைப்பட்ட காலத்தில் டயாபர் டயாபராகவே இருந்தது. குறைந்தது வியப்பு. 2024 ஏப்ரலில் ஜெசிகா ஆல்பா தலைமைப் படைப்பு அலுவலர் என்னும் பொறுப்பிலிருந்து விலகினார்.

இனி வாய்மை பற்றியும் ஒன்று கூற வேண்டியுள்ளது. தம் சலவைப் பொருளில் சோடியம் லாரில் சல்பேட் அறவே இல்லை என்று அந்நிறுவனம் கூறி வந்தது. 2016 மார்ச்சில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் ஆய்வகங்களில் சோதிக்கச் செய்து, அது இருக்கின்றது என்று எழுதியது. தாங்கள் பயன்படுத்துவது சோடியம் கோகோ சல்பேட் என்னும் வேறு பொருள் என்று நிறுவனம் மறுத்தது. வழக்குகள் எழுந்தன. 2017இல் அவ்வழக்கு 15 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்கும், இயற்கையானது என்ற விளம்பரம் பற்றிய மற்றொரு வழக்கு 73 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்கும் சமரசமாக முடிந்தன. நிறுவனம் குற்றத்தை ஒப்பவில்லை. நாமும் தீர்ப்புக் கூற முற்படவில்லை. பிறர் குறையைப் பறைசாற்றாமல் மறைக்கும் உபகூகனம் நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றன்றோ? எனினும் வணிகம் செய்யும் நம் இளைஞர் ஒன்றை நோக்குதல் வேண்டும். வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் பொய் எழுத்து எழுதுதலும் ஒன்று. பழைய உரைகாரர்கள் பொய்யோலை, பொய்க்கணக்கு என்று அதனை விளக்கினர். புட்டியின் மேல் ஒட்டும் சீட்டும் எழுத்தே.

வாய்மை என்னும் சொல்லையே பெயராகச் சூடிக்கொள்வது அஞ்சத்தக்க துணிவு. வாமன முனிவரின் மேருமந்தர புராணத்தில் வரும் சத்தியகோடனை நினைவுகூர்க. சிம்மபுரத்து அரசன் சிம்மசேனனின் அமைச்சன் அவன். பொய்யே உரையாதவன் என்று பெயர் பெற்றவன். அப்பெயரை நம்பியே பத்திரமித்திரன் தன் மணிகளை அவனிடம் அடைக்கலமாக வைத்தான். மீண்டு வந்து கேட்டபோது, நீ யார் என்றான் அமைச்சன். கேட்டவனையே ஊர் பித்தன் என்றது. அவன் நாள்தோறும் முறையிட்டு அழுத குரலை அரசி இராமதத்தை ஒருத்திதான் செவிமடுத்து, சூதாட்டத்தில் அமைச்சனின் அடையாளப் பொருளை வென்று, அதனைக் காட்டி அவன் வீட்டிலிருந்து மணிகளை வரவழைத்தாள். ஊரார் அத்தனை நாள் ஆராயாமல் இருந்தது ஏன்? பெயர் அவர்களுக்குப் போதுமாக இருந்தது. இராமதத்தையோ பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

நம் இல்லத்தரசியர்க்கு இவ்விடத்தில் சற்று விரிவாகவே கூற விரும்புகின்றோம். இயற்கையானது என்று எழுதியிருந்தால் அது தூயது என்று பலர் எண்ணுகின்றனர். நமக்கு அது போதாது. தேன் இயற்கையானதே, எனினும் தேனையும் கள்ளையும் ஊனையும் விலக்குவது சிராவகரின் அடிப்படை ஒழுக்கம். உதட்டுப் பூச்சுகளில் கலக்கும் தேன்மெழுகு தேன்கூட்டிலிருந்து வருகின்றது. சிவப்பு நிறம் தரும் கார்மைன், கள்ளிச் செடியில் வாழும் சிறு பூச்சிகளை உலர்த்தி அரைத்து எடுப்பது. லேனோலின் ஆட்டு மயிரிலிருந்து பிரிக்கும் கொழுப்பு. கூந்தல் தைலங்களில் கலக்கும் பட்டுப் புரதத்திற்குப் பட்டுப்புழுக் கூடே மூலம். இவை யாவும் இயற்கையே! சமையலறையில் வேர்க்கிழங்கையும் இரவுணவையும் விலக்கிக் காக்கும் அகிம்சை, குளியலறை அலமாரியின் கதவருகே நின்றுவிடலாகாது. அழகுப் பொருள்களை விலங்குகள் மீது சோதிப்பதையும், அவ்வாறு சோதித்தவற்றை இறக்குமதி செய்வதையும் நம் அரசு 2014இல் தடை செய்தது நமக்கு உவகை தருவது. ஆயினும் சோதனை இல்லை என்பது ஒன்று. உயிரின் உடற்பொருள் கலக்கவில்லை என்பது வேறொன்று. சீட்டின் பின்புறத்தில் சிற்றெழுத்தில் உள்ளதைப் படித்தே வாங்குக.

படித்து வாங்குவதோடு முடிந்ததா என்றால், இல்லை. குற்றமற்ற பொருளுக்கும் அளவு உண்டு என்பதே போகோபபோக பரிமாண விரதத்தின் சிறப்பு. ஒருமுறை துய்த்துக் கழிப்பது போகம். சந்தனமும் உணவும் அத்தகையன. மீண்டும் மீண்டும் துய்ப்பது உபபோகம். ஆடையும் அணியும் அத்தகையன. இவ்விரதத்தின் குற்றங்களுள் முன்பு துய்த்ததை இடைவிடாது நினைத்தலையும், இனி வருவதற்கு மிக ஏங்குதலையும் ஆசாரியர் சேர்த்துள்ளார். விளம்பரம் செய்பவர் பெருந்தொகை செலவிட்டு நம்மிடம் வளர்ப்பவை இவ்விரண்டையுமே. நடிகையின் ஒளிபொருந்திய சமையலறையும், வெண்ணிற மஞ்சமும், மகிழ்ந்து சிரிக்கும் மக்களும் படத்தில் வருவது எதற்காக? ஒரு புட்டி சோப்பு நீர் விற்க இவ்வளவும் வேண்டுமோ? நம் வீட்டின் மீது நமக்கே ஒரு மனக்குறை தோன்ற வேண்டும் என்பது அதன் நோக்கம். சென்னையிலும் பெங்களூரிலும் நல்ல ஊதியத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் ஒருநாள் திண்டிவனத்திற்கோ வந்தவாசிக்கோ வந்து, தாய் தேய்க்கும் கடலைமாவையும் சீயக்காயையும் கண்டு கூசுவார்களானால், அக்கூச்சம் எங்கிருந்து வந்தது என்பதை அவர்களே ஆராயட்டும்.

இவ்விரதத்தைக் கைக்கொள்வது கடினமன்று. வாழ்நாள் முழுதும் விடுவது யமம். காலவரை வைத்து விடுவது நியமம். உணவு, ஊர்தி, படுக்கை, நீராடல், பூச்சு, மலர், தாம்பூலம், ஆடை, அணிகலன், இசை ஆகியவற்றுள் எதனையும் ஒரு நாளைக்கோ, ஒரு பக்கத்திற்கோ, ஒரு திங்களுக்கோ, ஓர் அயனத்திற்கோ விடலாம் என்று ஆசாரியர் எவ்வளவு எளிதாக வழி திறந்து வைக்கின்றார்! வரும் தசலட்சணப் பருவத்தின் பத்து நாள்களில் ஒன்பதாம் நாள் ஆகிஞ்சன்யத்திற்கு உரியது. அதற்கு முன்னரே குடும்பத்தோடு அமர்ந்து குளியலறை அலமாரியில் உள்ளவற்றை எடுத்து வெளியே வைத்து எண்ணிப் பாருங்கள். ஹானஸ்ட் கம்பெனி தொடங்கியபோது அதனிடம் இருந்தவை 17. நம் வீட்டில் எத்தனை என்பதை ஒரு தாளில் குறித்து, அவற்றுள் எதனை எத்தனை நாளுக்கு விடுவது என்பதை அருகே எழுதி, பூசையறையில் வைக்கலாம். தாளை எழுதும் பொறுப்பை வீட்டில் இளையவரிடமே கொடுங்கள்.