மேசைமேல் ஒரு குருபாய்த்தி

ஈயப் படைவீரர்களை மேசைமேல் அணிவகுத்து, என்றோ முடிந்த போரொன்றை மீண்டும் நடத்தி மகிழ்வோர் பல நாடுகளில் உளர். இது சிறுவர் விளையாட்டென்று நகைப்பாரும், கொலையைக் கேளிக்கையாக்கும் கொடுமையென்று வெகுள்வாரும் உண்டு. இவ்விரு சாராரோடும் நாம் உடன்படுகின்றிலோம். பிரஷ்யப் படையில் 1824-ஆம் ஆண்டு முதலே அதிகாரிகளைப் பயிற்றுவதற்கு இத்தகைய ஆட்டம் கையாளப்பட்டது. ஆங்கில ஆசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913-ல் இதற்கென விதிநூலொன்று எழுதி, அந்நூலிலேயே மெய்ப்போரை இகழ்ந்தும் உரைத்தார். மறு ஆண்டே ஐரோப்பா தீப்பற்றிக் கொண்டது. ஆட்டம் ஆடலாமா என்பதன்று நம் வினா. ஆட்டத்தை நடத்துவோன் அன்று மாண்டவர்களுக்கு ஏதேனும் கடமைப்பட்டவனா என்பதே.

பராகுவே நாடு ஒருபுறமும், பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே ஆகிய மூன்றும் மறுபுறமுமாக 1864 முதல் 1870 வரை பொருத பெரும்போரில், 1866 செப்டம்பர் 22-ஆம் நாள் குருபாய்த்தியில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். ஆற்றங்கரையில் தளபதி தியாஸின் கீழ் ஏறத்தாழ 5,000 பராகுவே வீரர் அகழிக்குப் பின்னே காத்திருந்தனர். அகழிக்கு முன்னே முட்கிளைகளை வெட்டிக் கிடத்தியிருந்தனர். அதற்கும் முன்னே சேறு. மழையினால் தாக்குதல் சில நாள் தள்ளிப்போனமையின், அரணை வலுப்படுத்த அவர்களுக்கு அவகாசமும் கிடைத்தது. பிரேசில் போர்க்கப்பல்கள் நெடுநேரம் குண்டு பொழிந்தும் அரண் குலையவில்லை. அர்ஜென்டினக் குடியரசுத் தலைவரும் நேசப் படைத்தலைவருமான மித்ரேயின் ஆணைப்படி ஏறத்தாழ 20,000 பேர் அச்சேற்றில் இறங்கினர். இறந்தோரும் காயமுற்றோருமாக அவருள் 4,000 பேர் வீழ்ந்தனர். பராகுவே இழந்தது நூறு பேரினும் குறைவென்பர்.

பொம்மை ஒன்றுக்கு 50 வீரர் என வைத்துக்கொண்டால், நேசப் படைக்கு 400 பொம்மைகள்; பராகுவேக்கு 100. நடந்தது நடந்தவாறே நடக்குமாயின், நேசப் படை 80 பொம்மைகளை இழக்கும். பராகுவேயின் இழப்பு இரண்டு பொம்மைகளையும் எட்டாது. இவ்வாட்டத்தில் மித்ரேயாக அமர எவன் இசைவான்? ஆகவே நடத்துவோன் தராசைச் சற்றே சரிக்கிறான். சேற்றை உலர்த்துகிறான், முள்வேலியைக் குறைக்கிறான், கப்பற் குண்டுகளுக்கு அன்றில்லாத குறியை இன்று அளிக்கிறான். இரு பக்கத்தார்க்கும் வெற்றி வாய்ப்புச் சமமாகிறது. மாலைப்பொழுதும் இனிது கழிகிறது. ஆனால் எந்தச் சேறு அத்தனை பேரை விழுங்கிற்றோ அந்தச் சேற்றைக் காணோம்! மூடத்தனமான ஆணை, பகடை சரியாய் விழாததால் தவறிப்போன ஒரு துணிவு எனத் தோற்றம் பெறுகிறது. இதனைப் பொய்யென்று சொல்ல நாம் தயங்கோம்.

ஈயத்திற்கு ஏது வலி என்று கேட்பார்க்கு ஒன்று சொல்வோம். அன்று மாண்டவருள் தொமிங்கோ பிதேல் சர்மியந்தோ என்னும் 21 வயது இளைஞனும் ஒருவன். 1868-ல் அர்ஜென்டினத் தலைவரான சர்மியந்தோவின் வளர்ப்பு மகன். நம் கணக்கில் அவன் ஒரு பொம்மையின் ஐம்பதில் ஒரு கூறு. இக்குறுக்கம் ஆட்டத்திற்கு இன்றியமையாதது. அதற்காக யாரையும் பழித்தல் தகாது. ஆனால் அவனை இவ்வளவு சிறுக்கச் செய்தபின், அவன் எதனால் இறந்தான் என்பதையும் மாற்றிவிட்டால் எஞ்சுவது யாது?

மித்ரேக்கும் நீதி வேண்டும். மேசையருகே நிற்பவன் பருந்தென மேலிருந்து அனைத்தையும் காண்கிறான். எதிரே விரிந்த சேற்றையும் புகையையும் அன்றி மித்ரேக்குத் தெரிந்தது சிறிதே. அவன் அறியாதவற்றை அறிந்துகொண்டு அவனைப் பேதையென்பது எளிது. ஆதலின் அகழியைத் திரையிட்டு மறைத்து, படை அணுகிய பின்னரே திறந்து காட்டுதல் முறை. வெற்றியையும் வேறு வகையாய் அளக்கலாம்: தாக்குதல் பயனற்றதென்று கண்டு எத்துணை விரைவில் நிறுத்தினான், எத்தனை பேரை மீட்டான் என்று. மழை பெய்யாது முன்பு குறித்த நாளிலேயே தாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆராய்வதும் குற்றமன்று. அது கற்பனையென முன்கூட்டிக் கூறிவிட வேண்டும், அவ்வளவே.

காந்திதோ லோபஸ் என்னும் அர்ஜென்டின ஓவியர் அதே போர்க்களத்தில் வலக்கை சிதைந்து, அதனை இழந்தார். பின் இடக்கையால் தீட்டப் பழகி, தாம் கண்ட போர்களை நீண்டகன்ற படங்களில் வரைந்தார். அவற்றிலும் மனிதர் நம் பொம்மைகளைப் போலச் சிறியரே. உயரத்திலிருந்து நோக்கிய காட்சியே. எனினும் குருபாய்த்திச் சேற்றை அவர் உலர்த்தவில்லை.

வீழ்ந்த பொம்மைகளை உடனே எடுத்துப் பெட்டியிலிடுவது ஆட்டத்தாரின் வழக்கம். இடம் தூய்மையாக இருக்குமன்றோ! குருபாய்த்தியை நடத்துவோன் அவற்றை வீழ்ந்த இடத்திலேயே கிடத்திவைப்பானாக. அடுத்த அணி அவற்றின் ஊடேதான் செல்ல வேண்டியிருக்கும். ஆட்டம் தாமதமாகும்; சிலர் முணுமுணுப்பர்; 80 பொம்மைகளையும் இறுதியில் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கவும் நேரும்.