வானத்தை அளப்பது யாருக்காக?

லயத்துக் கூரை ஒழுகிக்கொண்டிருக்கையில் வானத்து அலைகளை அளப்பது நியாயமா? தோட்டப்புறப் பாடசாலைகளில் விஞ்ஞானம் பயிலும் மாணவர் எழுப்பும் இவ்வினாவை எளிதில் தள்ளிவிட முடியாது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை மலைகளிலும் இறப்பர்த் தோட்டங்களிலும் வாழும் மக்களுக்கு வானம் வெறும் காட்சிப் பொருளன்று. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பெருமழை பெய்தால் மலையே இறங்கி வருகிறது.

மாணவர் குறிப்பிடும் ஆராய்ச்சி யாது? திருப்பதிக்கு அண்மையிலுள்ள காதங்கியில், இந்தியாவின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடத்திலே, 1998ஆம் ஆண்டு ஜப்பானியக் கூட்டுறவுடன் லிடார் என்னும் கருவி நிறுவப்பட்டது. தெளிந்த இரவுகளில் பச்சை நிற லேசர் ஒளியைத் துடிப்புத் துடிப்பாக வானில் செலுத்துவர். காற்றின் மூலக்கூறுகளிற் பட்டுச் சிதறித் திரும்பும் சொற்ப ஒளியைத் தொலைநோக்கி ஏந்துகிறது. திரும்புவதற்கு எடுத்த நேரம் உயரத்தையும், திரும்பிய ஒளியின் அளவு காற்றின் அடர்த்தியையும் உணர்த்தும். அடர்த்தியைக் கொண்டு, ஏறத்தாழ 30 முதல் 80 கிலோமீற்றர் உயரம் வரையுள்ள வெப்பநிலையைக் கணிப்பர். அக்கணிப்பிலே காணப்படும் சிறு ஏற்றத்தாழ்வுகளே அலைகளின் சுவடுகள்.

மலையைக் கடக்கும் காற்றோ, இடிமேகத்தால் உந்தப்பட்ட காற்றோ தன் நிலையினின்றும் மேலே எழும். புவியீர்ப்பு அதனைக் கீழே இழுக்கும். அது நிலைகடந்து தாழ்ந்து மீண்டும் எழும். இந்த ஊசலாட்டமே அலையாகி உயரச் செல்கிறது. மேலே காற்று ஐதாவதால் அலை பெருக்கும். ஈற்றில் கடலலைபோல் உடையும். உடையும்போது தான் சுமந்துவந்த உந்தத்தை அங்குள்ள காற்றோட்டத்துக்கு அளித்து அதன் போக்கையே மாற்றுகிறது. உலகக் காலநிலையைக் கணிக்கும் கணினிகளின் வலைக்கண்களோ பெரியவை. இச்சிற்றலைகள் அவற்றுள் அகப்படா. ஆகவே அவற்றின் விளைவைத் தோராயமாகவே கணக்கிற் சேர்க்கின்றனர். அத்தோராயத்தைச் சரிபார்க்க உதவுவது இளம் ஆராய்ச்சியாளரின் இரவு விழிப்பு.

இவ்வாராய்ச்சி மண்சரிவை முன்னறிவிக்குமா? அறிவிக்காது. அடர்ந்த முகிலை லிடாரின் ஒளி ஊடுருவாது. சப்ரகமுவாவின் பருவமழை இரவில் அது குருடு. எந்த அறிவும் என்றோ ஒருநாள் பயன்தரும் என்று சமாதானம் கூறுவது வணிகனின் வாதம்; கடன்பத்திரம் எழுதிக் கொடுத்து அறிவுக்கு மதிப்புத் தேடுவதாகும். முதலில் சோறு, பின்னரே வானம் என்பதோ ஏழையின் நண்பன் பேச்சுப்போல் ஒலிக்கும். ஆனால் கொழுந்து பறிக்கும் கைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட துரைமாரும் இதனையே அன்றோ கூறினர்! ஏழைக்குச் சோறு மட்டும் போதும் என்று விதிக்க எவருக்கும் உரிமையில்லை.

2016ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட கிராம மக்கள் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். அதே நாளில் புளத்கொஹுப்பிட்டியவில் தோட்டக் குடியிருப்பும் மண்ணுள் புதைந்தது. மண் சிங்களவர், தமிழர் என்று பேதம் பார்க்கவில்லை. 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் சரிவான இடத்தைவிட்டு அகலவேண்டும் என்பது அதிகாரிகள் அறிந்த அளவே. அதை அறிய லேசர் வேண்டியதில்லை, மழைமானி போதும். ஆனால் அகன்று எங்கே செல்வது? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தோரில் எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே அதனை மீட்டது. எனினும் குடியிருக்கும் மண் பெரும்பாலோருக்கு இன்றும் சொந்தமன்று. ஓடிப்போக இடமில்லாதவனுக்கு எச்சரிக்கை அறிவாகாது. அச்சம் மட்டுமே ஆகும்.

எனவே குற்றம் வானத்தை அளப்பவனிடத்தில் இல்லை. அறிந்ததற்கும் செய்யப்படுவதற்கும் இடையே பள்ளத்தை வெட்டி வைத்திருக்கும் சமூக அமைப்பிடமே உள்ளது. லிடாருக்குச் செலவழித்த பணத்தை எண்ணிப் பார்ப்பவர், உறுதியான வீட்டுக்கும் காணிக்கும் ஏன் பணமில்லை என்று கேட்கத் தயங்குவதேன்? தோட்டத்துக்கு எச்சரிக்கை தமிழில், தக்க நேரத்தில் வரவேண்டும். செல்வதற்குச் சொந்த மண் இருக்கவேண்டும். தோட்டத்துப் பிள்ளையும் அத்தொலைநோக்கியின் அருகே நிற்கவேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே கோருவோம். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்போரிடம் நம் மாணவர் ஏமாறாதிருக்கக் கற்பிப்பது, ஆசிரியராகிய நம் கடமை.