முகம் யாருடையது?

பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய நாவல் ஒன்றில் கன்னத்தில் தீத்தழும்பு உள்ள ஒரு பெண் வருகிறாள். ஊராரின் ஏளனத்தை அவள் புன்னகையோடு தாங்கிக்கொள்வாள். கடைசி அத்தியாயத்தில், தழும்பை மாற்றிவிடலாம் என்று ஒரு டாக்டர் சொல்லும்போது, "என் முகத்தைத் திருத்த வேண்டாம்; பார்ப்பவர்களின் மனத்தைத் திருத்துங்கள்" என்று பதில் சொல்லிவிட்டு வாசல் விளக்கை ஏற்றப் போய்விடுவாள். அந்த வாக்கியத்தைப் பாராட்டி வாசகர்கள் பலர் கடிதம் எழுதினார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. உண்மை என்பதால் பிடித்ததா, அழகாக அமைந்துவிட்டது என்பதால் பிடித்ததா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தவள் என் அக்காவின் மகள். அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, கார்த்திகை விளக்கிலிருந்து பாவாடையில் தீப்பற்றி, இடது கன்னத்தின் கீழ்ப்பாதியும் கழுத்தின் முன்பக்கமும் வெந்துபோயின. என் நாவலில் வரும் தழும்பு எங்கிருந்து வந்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என்னிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

வெந்த தோல் ஆறும்போது சுருங்கும். கழுத்துத் தோல் சுருங்கினால் மோவாயை மார்போடு சேர்த்து இழுக்கும். எட்டு வயதில் அந்தச் சுருக்கத்தை வெட்டி விடுவித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கழுத்து நிமிர்ந்தது. அதை அழகுக்காகச் செய்தது என்று ஒருவரும் சொல்லவில்லை, அது வைத்தியம். ஆனால் அவளுக்கு இருபத்தேழு வயதாகி, பாங்கில் சம்பாதிக்கத் தொடங்கி, மிச்சமிருக்கும் கன்னத் தழும்புக்கும் ரண சிகிச்சை செய்துகொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் இடி விழுந்தது. "இத்தனை வருஷம் இதோடேதானே வளர்ந்தே? இப்போ என்ன புதுசா ஆடம்பரம்?" என்றாள் அக்கா. எனக்கு ஆள் அனுப்பினாள். நானும் போய், உள்ளத்தின் அழகைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "மாமா, உங்க கதாநாயகி ஒரு தடவையாவது பஸ்ஸிலே போனாளா?" என்றாள்.

நாவலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவள் போகவில்லை. முந்நூறு பக்கத்தில் ஒரு முறைகூடக் காய்கறிக் கடைக்குப் போகவில்லை. அவளுடைய பொறுமையைச் சோதிக்கக்கூடிய இடம் எதற்கும் நான் அவளை அனுப்பவே இல்லை.

கழுத்தை நிமிர்த்தினால் வைத்தியம், கன்னத்தைத் திருத்தினால் ஆடம்பரம் என்ற இந்தக் கோட்டை யார் போட்டது? பழைய கதை ஒன்று. 1792-ல் திப்பு சுல்தானோடு நடந்த போரில், ஆங்கிலேயர் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் சிறைப்பட்டார். அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். ஓராண்டுக்குப் பிறகு புனாவுக்கு அருகே நாட்டு வைத்தியர் ஒருவர் அவருக்கு மூக்கு வைத்தார். மெழுகுத் தகட்டில் மூக்கின் அளவை எடுத்து, அதை நெற்றியில் விரித்துக் கோடு கிழித்து, அந்தத் தோலைப் புருவங்களுக்கு நடுவில் ஒரு காம்பு மட்டும் விட்டு உரித்து, திருப்பிக் கீழே பொருத்தினார். மேலே பூசியது வெற்றிலையோடு போடுகிறோமே, அந்தக் காசுக்கட்டி. பிறகு நெய்யில் நனைத்த துணி. ஐந்தாறு நாள் மல்லாந்து படுக்கை. இருபத்தைந்தாம் நாள் வாக்கில் காம்பை அறுத்துவிட்டார்கள். 1794 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்று படத்தோடு இதை வெளியிட்டது. அதைப் படித்து ஆராய்ந்து, 1814-ல் அங்கே கார்ப்யூ என்ற டாக்டர் அதே முறையைச் செய்து காட்டினார்.

எனக்கு அந்த வைத்தியரின் கைத்திறனைவிடக் கவாஸ்ஜியின் ஆசைதான் பெரிதாகத் தோன்றுகிறது. மூக்கின் மேல்பகுதி போனாலும் மூச்சு வரும்; உயிருக்கு ஆபத்தில்லை. மயக்க மருந்து இல்லாத காலம். நெற்றியைக் கத்தியால் உரிக்க அந்த மனிதர் ஏன் சம்மதித்தார்? வெட்டியவன் வெட்டியது சதையை மட்டும் அல்ல. நம் பாஷையிலேயே மூக்கறுபடுவது என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் அகராதி பார்க்க வேண்டியதில்லை. தெருவில் எதிரே வருகிறவன் ஒவ்வொருவனும் அந்தத் தண்டனையைத் திரும்ப நிறைவேற்றிக்கொண்டிருந்தான். அதை நிறுத்தத்தான் அவர் மல்லாந்து படுத்தார்.

இன்னும் அருகில், வேலூரில் நடந்தது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 1914-ல் பிறந்த ஆங்கிலேயரான டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாண்களை இடம் மாற்றிக் கட்டி, மறுபடி வேலை செய்ய வைத்தார். கை கிடைத்தவர்களை ஊருக்கு அனுப்பினார்கள். அவர்களில் பலருக்கு வேலை கிடைக்கவில்லை. புருவம் உதிர்ந்த நெற்றியையும் அமுங்கிய மூக்கையும் கண்ட முதலாளி கைகள் வரை பார்வையை இறக்கவே இல்லை. நிமிர்ந்த விரலைக் கண்டு பிச்சை போடுகிறவர்களும் குறைந்தார்களாம். ஆகவே டாக்டர்கள் முகத்துக்கு வந்தார்கள். தலைத் தோலில் முடியோடு ஒரு துண்டை ரத்தக் குழாய் அறுபடாமல் எடுத்து, நெற்றித் தோலுக்கு அடியில் செலுத்திப் புருவமாக்கினார்கள். தலைமுடி அல்லவா, அது வளர்ந்துகொண்டே இருக்கும். அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். சிலர் கத்தரிக்க மறுத்துப் பெருமையோடு நீளமாக வளர்த்துக்கொண்டார்களாம். படித்தபோது சிரித்தேன். அந்தப் புருவத்தை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அதில் ஒரு குடும்பத்தின் சோறு இருந்தது.

ஆனால் என் கதாநாயகியின் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. நோய் பார்க்கிறவன் கண்ணில் இருந்தால், கத்தியைப் பார்க்கப்படுகிறவள் கன்னத்தில் வைப்பது என்ன நியாயம்? முதல் உலகப் போரில் முகம் சிதைந்தவர்களுக்காக 1917-ல் இங்கிலாந்தில் சிட்கப் என்ற ஊரில் மருத்துவமனை திறந்தார்கள். அங்கே சாலையோரம் சில பெஞ்சுகளுக்கு நீல வர்ணம் அடித்து வைத்தார்கள். அதில் உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் அதிர்ச்சி ஏற்படலாம், முன்பே தயாராகுங்கள் என்று ஊராருக்கு எச்சரிக்கை. எண்ணம் நல்லதாகவே இருக்கலாம். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

இரண்டாம் போரில், ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற ஊரில் மக்கிண்டோ என்ற டாக்டர் வேறு விதமாக நடந்தார். விமானத் தீயில் வெந்த இளைஞர்கள், மார்பிலிருந்து மூக்குக்குத் தோல்குழாய் தொங்க, வாரக்கணக்கில் காத்திருக்கும் காலம் அது. அவர் ஊராரிடம் பேசி, இவர்களை வீட்டுக்கு அழையுங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். நோயாளிகளே 1941-ல் தங்களைச் சோதனை எலிகளாகப் பாவித்து ஒரு சங்கம் அமைத்தார்கள். போர் முடியும்போது 649 பேர் இருந்தார்கள். உற்றுப் பார்க்காத ஊர் என்று அந்த ஊருக்குப் பெயர் நிலைத்தது. ஆனால் ஊர் பழகிவிட்டது என்பதற்காக மக்கிண்டோ கத்தியைக் கீழே வைத்துவிடவில்லை. ஊர் திருந்தும் வரை காத்திரு என்று இருபது வயதுப் பையனிடம் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கிறேன், அச்சில்.

அவளோடு ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். டாக்டர் உடனே நாள் குறிக்கவில்லை. "இதைச் செய்துகொண்டால் உங்கள் வாழ்க்கையில் என்ன மாறும்?" என்று கேட்டார். கல்யாணம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். "தெரியாதவங்க 'என்னம்மா ஆச்சு?'ன்னு கேக்கறது குறையும். அது போதும்" என்றாள். தழும்பே இல்லாத ரண சிகிச்சை கிடையாது, பெரிய தழும்புக்குப் பதில் சிறிய கோடு வரும், அவ்வளவுதான் என்றார் அவர். அவள் தலையசைத்தாள்.

தழும்புக்குப் பக்கத்தில், காதுக்குக் கீழே நல்ல தோலுக்கு அடியில் ஒரு சிலிக்கோன் பை வைத்தார்கள். வாரம் ஒரு முறை ஊசியால் உப்பு நீர் ஏற்றுவார்கள். கர்ப்பிணியின் வயிற்றுத் தோல் போல மேல்தோலும் மெல்ல விரியும். பதினொரு வாரம் அந்த எலுமிச்சம்பழத்தை, பிறகு ஆரஞ்சுப் பழத்தைச் சுமந்துகொண்டு பாங்குக்குப் போனாள். பார்வையைக் குறைக்கப் புறப்பட்டவளை, முன்னைவிட அதிகம் பேர் பார்த்தார்கள்.

பிறகு தழும்பை நீக்கி, விரிந்த தோலை இழுத்துத் தைத்தார்கள். வீக்கத்தில் முகம் பூசணிக்காயாயிற்று. கன்னம் மரத்துப்போனதால் மோர் குடித்தால் வாயோரம் வழிவது தெரியாது; அக்காதான் துடைத்துவிடுவாள். மூன்றாம் வாரம் கண்ணாடி கேட்டாள். பார்த்துவிட்டு அழுதாள். "பழசு அசிங்கமா இருந்தாலும் என்னுடையதா இருந்தது மாமா. இது யாரோ" என்றாள். எனக்கு எத்தனையோ வாக்கியங்கள் தோன்றின. ஒன்றையும் சொல்லவில்லை. வீக்கம் வடிய மாதங்கள் ஆயின. தாடையோரச் சிவப்புக் கோடு வெளுக்க ஒரு வருஷத்துக்கு மேல். அதுவரை சிலிக்கோன் பட்டை, வெயிலுக்குக் குடை. இடப்பக்கமே சாய்த்துப் பிடித்த குடை.

ஒரு நாள் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் எதிரே ஒரு பெண். எடுப்பான, குறையில்லாத மூக்கு. அதை இன்னும் மெல்லியதாக்க வந்திருப்பதாக அவள் தாயார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். என் உதட்டில் ஏதோ ஒரு புன்னகை வந்திருக்க வேண்டும். அக்கா மகள் என் பக்கம் குனிந்து, "அடுத்த நாவலா மாமா?" என்றாள். அந்த மூக்குக்கு வெட்கப்படக் கற்றுக்கொடுத்ததில் வியாபாரிகளுக்குப் பங்குண்டு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் எங்கே கோடு போடுவது என்று கேட்டால், அந்தப் பெண் எந்தப் பஸ்ஸில் போகிறாள் என்பது எனக்குத் தெரியாது.

சென்ற மாதம் திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். சிறு வயதிலிருந்தே அவளுக்கு இடப்பக்க ஜன்னலோரம்தான் வேண்டும். காற்றுக்காக என்று நான் நினைத்திருந்தேன். இப்போதும் வழக்கம்போல் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி புறப்படும் முன் சட்டென்று எழுந்து, "நீங்க உள்ளே தள்ளி உக்காருங்க மாமா" என்று எனக்கு அந்த இடத்தை விட்டாள். திருவெறும்பூர் தாண்டியதும் தூங்கிப்போனாள். அவளுடைய இடது கன்னம் என் பக்கம் இருந்தது.