சோதிக்காத கை

2022 ஜூலை 31, ஆடிப்பூரத் தேரோட்டம். புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள் கோயில் தேர், புறப்பட்ட சிறிது நேரத்திலேயே முன்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. பலர் காயமடைந்தார்கள். சிகிச்சையில் இருந்த ஒரு பெண் பின்னர் இறந்தார்.

பிரகதாம்பாள் தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசில் இருப்பது அவள் உருவம். அரசர்கள் தங்களை அவளுடைய தாசர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். அவளுடைய தேரே அவள் ஊரில் கவிழ்ந்தால், நம்புகிற மனம் தெய்வக் குற்றமா, விதியா என்றுதான் முதலில் தேடும். தேடட்டும். ஆனால் அந்தத் தேடலுக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: சக்கரத்தடியில் யார் இருந்தார், தேரைப் பார்த்துச் சரி என்று சொன்னவர் யார்?

வடம் பிடிப்பவருக்குத் தன் முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. தேர் திரும்புவதும் நிற்பதும் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில். பெரியவர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. புதுத் தேரோ பழுது பார்த்த தேரோ, சாமியை ஏற்றுவதற்கு முன் வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பது நம் வழக்கம். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தித் தந்தது; அதனால் தியாகராஜர் மீதுள்ள பக்தி குறைந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. சோதித்துப் பார்ப்பது நம்பிக்கைக் குறைவு என்ற எண்ணம் நம் மரபில் இல்லை, பிற்காலச் சோம்பலில்தான் இருக்கிறது.

நம்பி ஒப்படைப்பவருக்கும் இயக்குபவருக்கும் உள்ள இந்த உறவு, திருவிழாத் திடல் ராட்டினத்திலும் பொழுதுபோக்குப் பூங்காவிலும் இன்னும் கூர்மையாகிறது. உயரே தூக்கிச் சென்று சட்டென்று கீழே விடும் கோபுர ராட்டினத்தில் ஏறுகிறவர், பயப்படுவதற்காகவே காசு கொடுக்கிறார். பயம் நிஜமாகாது என்ற உறுதியை இயக்குபவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் அவரால் கத்திச் சிரிக்க முடிகிறது. 2019 ஜூனில் சென்னையை அடுத்த குயின்ஸ்லேண்ட் பூங்காவில் இப்படியொரு ராட்டினத்தின் கம்பிவடம் அறுந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் அப்படித் தப்ப முடியவில்லை. 2022 மார்ச் 24 அன்று, 430 அடி உயரக் கோபுரத்திலிருந்து இறங்கிய இருக்கைகள் பிரேக்கில் வேகம் குறைந்தபோது, 14 வயதுச் சிறுவன் ஒருவன் நழுவி விழுந்து இறந்தான். கனத்த உடம்புக்காரன், தோளை அழுத்தும் கம்பி அவனுக்குச் சரியாக இறங்கவில்லை. அந்த இருக்கையின் சென்சாரை யாரோ கையால் மாற்றி வைத்திருந்ததால், கம்பிக்கும் இருக்கைக்கும் உள்ள இடைவெளி வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தும், எல்லாம் சரி என்று காட்டும் விளக்கு எரிந்தது என்று விசாரணை சொன்னது. விளக்கு எரிந்தது, ராட்டினம் ஏறியது. ஒரு பெல்ட் இருந்திருந்தால் பையன் பிழைத்திருப்பான் என்று நம்பக் காரணம் உண்டு.

கிளிஃபர்டு என்ற ஆங்கிலேய அறிஞர் 1877இல் ஒரு கப்பல் முதலாளியைக் கற்பனை செய்தார். கப்பல் பழசு, சந்தேகமும் உண்டு. ஆனாலும் இறைவன் பார்த்துக்கொள்வான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மக்களை ஏற்றி அனுப்பிவிடுகிறான். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்தாலும் அவன் குற்றவாளிதான் என்றார் கிளிஃபர்டு. சோதிக்காமல் நம்ப அவனுக்கு உரிமையில்லை. குயின்ஸ்லேண்டில் யாரும் சாகவில்லை என்பதை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஆறுதல் கொஞ்சம் கரைந்துபோகும்.

இதே எண்ணத்தை இன்னும் கடுமையாகச் சொன்னது சிலப்பதிகாரம். ஊழ்வினையை நிறுவ வந்ததாகத் தன் பதிகத்திலேயே அறிவிக்கும் காப்பியம் அது. கோவலன் கொலைக்கு முற்பிறவிக் கதை ஒன்றும் அதில் உண்டு. பாண்டியன் விதியைக் காட்டித் தப்பியிருக்கலாம். பொய் சொன்னவன் பொற்கொல்லன், வெட்டியவன் காவலன்; அவர்கள் மீதும் தள்ளியிருக்கலாம். சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த நொடியை அவன் செலவழிக்கவில்லை. அது தெரிந்ததும் பழியைத் தானே ஏற்று உயிர்விட்டான். ஊழை இத்தனை நம்பிய இளங்கோ, விசாரிக்காத குற்றத்தை ஊழின் கணக்கில் எழுதவில்லை.

பாண்டியன் பழியை மேலே இழுத்துக்கொண்டான். இன்று அது கீழே உருட்டப்படுகிறது. ராட்டினம் நின்றுபோனால் முதலில் பிடிபடுகிறவர் பொத்தானை அழுத்திய கூலிப் பையன். சென்சாரை மாற்றச் சொன்னவர், பெல்ட்டுக்குக் காசு செலவழிக்காதவர், நேரில் பார்க்காமல் சான்றிதழில் கையெழுத்திட்டவர் ஆகியோர் அன்று திடலில் இருப்பதேயில்லை. ஆர்லாண்டோ மரணத்துக்குப் பின் ஃப்ளோரிடா 2023இல் புதிய சட்டம் கொண்டுவந்தது. உயரத்திலிருந்து விழும் ராட்டினங்களில் தோள்கம்பியோடு பெல்ட்டும் வேண்டும் என்கிறது அது. புதுக்கோட்டையில் அடுத்த மாரியம்மன் திருவிழாவுக்குத் திடலைக் குத்தகைக்கு விடும்போது, ராட்டினத்தைச் சோதித்தவர் யார், எந்தத் தேதியில், ஆளை ஏற்றுவதற்கு முன் மணல் மூட்டை ஏற்றி ஓட்டிப் பார்த்தாரா என்று விழாக் குழுவினர் எழுத்தில் கேட்டு வாங்க எந்தத் தடையும் இல்லை.